உரிமதாரர் மறைந்த பின்: மூன்று துப்பாக்கிகளும் எண் இல்லாத ஓர் இரும்புத் துண்டும்

மேற்குத் தமிழகத்தின் ஒரு ரைஃபிள் கிளப்பில் நெடுங்காலம் உறுப்பினராக இருந்த ஒருவர் 2023 ஜனவரி இறுதியில் காலமானார். அவர் வீட்டிலிருந்த துப்பாக்கிகளை என்ன செய்வது என்று தெரியாமல் குடும்பம் கிளப்பை நாடியது. நிர்வாகக் குழுவில் இருப்பவன் என்பதால் அந்த விவகாரத்தின் பெரும்பகுதியில் நான் உடனிருந்தேன். குடும்பத்தின் ஒப்புதலோடு இதை எழுதுகிறேன். ஆட்களையும் ஊரையும் அடையாளம் காட்டும் விவரங்களை விட்டிருக்கிறேன்.

பின்னணி

அவர் 1944இல் பிறந்தவர். அப்பாவுக்கு மலைத் தோட்டங்களோடு வியாபாரத் தொடர்பு இருந்ததால், பதினாறு பதினேழு வயதிலேயே நீலகிரிச் சரிவுகளில் வேட்டைக்குப் போயிருக்கிறார். நீலகிரியில் வேட்டை அன்றும் கட்டற்றதாக இருக்கவில்லை. 1877இல் அங்கே வேட்டையாடுவோர் சங்கம் ஒன்று தொடங்கியது. 1879இல் வேட்டை விலங்குகளையும் மீனையும் காக்கத் தனிச் சட்டமே வந்துவிட்டது. பருவம் உண்டு, உரிமச் சீட்டு உண்டு. அந்தச் சீட்டுகளை அவர் கடைசி வரை பத்திரமாக வைத்திருந்தார். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மிச்சமிருந்த வேட்டை உரிமங்களையும் 1991 திருத்தம் எடுத்துவிட்டது. மனம் மாறி வேட்டையை விட்டதாக அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "கவர்மெண்ட்டு நிறுத்துச்சு, நானும் நிறுத்திட்டேன்" என்பார்.

அதன் பிறகு அவர் இலக்குச் சுடுதலில் முழுமூச்சாக இறங்கினார். 50 மீட்டர் தூரத்தில், படுத்த நிலையில், .22 ரைஃபிள் (எண் குழலின் துளை அளவு, அங்குலத்தில்). அந்த இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர்தான், சட்டைப் பொத்தான் அளவு. அந்த வட்டத்துக்குள் தோட்டாவைத் திரும்பத் திரும்ப வைப்பதற்குக் கையும் கண்ணும் மட்டும் போதாது, துப்பாக்கியும் ஒத்துழைக்க வேண்டும் என்ற எண்ணம் அவரைப் பட்டறைக்குள் கொண்டுபோனது. பம்பு உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறை அவருடையது. லேத், மில்லிங் மெஷின் எல்லாம் கையெட்டும் தூரத்தில். தேக்கிலும் பூவரசிலும் துப்பாக்கிக் கட்டை செதுக்கிப் பார்த்தார். கிளப்புக்கு வரும் பிள்ளைகளின் அளவுக்கு, கன்னத்தைச் சாய்த்துக்கொள்ளும் கன்னக்கட்டை செய்து கொடுத்தார். குழலும் கட்டையும் ஒன்றையொன்று உரசக்கூடாது என்று காட்ட, பத்து ரூபாய் நோட்டை இரண்டுக்கும் நடுவே நுழைத்து கட்டையின் மூக்கிலிருந்து, குழலில் தோட்டா உட்காரும் அறை வரை இழுத்துக் காண்பிப்பார். நோட்டு எங்கே சிக்குகிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு, பிறகு உப்புத்தாள்.

இதைப் பாராட்டாக எழுதினாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வதை மட்டுமல்ல, மாற்றி அமைப்பதையும் பழுது பார்ப்பதையும்கூடத் தடுக்கிறது. மரவேலை வரை யாரும் கேட்கப்போவதில்லை. இரும்பில் கை வைத்தால் கதை வேறு. அமெரிக்காவில் ஒருவர் தன் சொந்த உபயோகத்துக்கு வீட்டுப் பட்டறையில் ரைஃபிள் கட்டுவது பெரும்பாலான மாநிலங்களில் சட்டத்துக்கு உட்பட்ட பொழுதுபோக்கு. இங்கே அது சிறைக்குப் போகும் விஷயம். அவர் படித்த பழைய இதழ்கள் எல்லாம் அந்த நாட்டிலிருந்து வந்தவை.

உரிமத்தில் மூன்று துப்பாக்கிகள் இருந்தன: அப்பா வழியில் வந்த 12 போர் (bore, குழல் அளவு) இரட்டைக்குழல், அரசு ஆயுதத் தொழிற்சாலையின் .315 ரைஃபிள், செக் நாட்டு பிர்னோ .22. ஒருவர் வைத்திருக்கக்கூடிய எண்ணிக்கையை 2019 திருத்தம் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தபோது, கூடுதலாக உள்ளதை ஓராண்டுக்குள் ஒப்படைக்கச் சொன்னார்கள். அங்கீகாரம் பெற்ற ரைஃபிள் கிளப் உறுப்பினர் பயிற்சிக்கு வைத்திருக்கும் .22 இந்த வரம்பில் சேராது என்பதைக் காட்டி, அவர் மூன்றையும் தக்கவைத்துக்கொண்டார். அது சரியான வாதம்தான். ஆனால் அந்த விலக்கு அவருடைய உறுப்பினர் தகுதியோடு ஒட்டியது, துப்பாக்கியோடு ஒட்டியதல்ல.

முதல் இரண்டு மாதங்கள்

இறப்பு, பதினாறாம் நாள் காரியம், உறவினர் வருகை என்று பிப்ரவரி போயிற்று. துப்பாக்கிகள் படுக்கையறையின் இரும்பு பீரோவில் பூட்டிக் கிடந்தன. சாவி மனைவியின் இடுப்பில். மார்ச் கடைசியில் மகன் கிளப்புக்கு வந்து கேட்ட முதல் கேள்வி: "லைசென்ஸ் அடுத்த வருசம் வரைக்கும் இருக்குதுங்களே அண்ணா, அதுக்குள்ள எம்பேருக்கு மாத்திக்கலாம்ங்களா?"

பெரும்பாலான வீடுகளில் இப்படித்தான் நினைக்கிறார்கள். உரிமப் புத்தகத்தில் அச்சிட்ட தேதி உயிரோடு இருக்கும் உரிமதாரருக்கு மட்டுமே பொருந்தும். அவர் இறந்த கணத்தில் அந்த உடைமை சட்டப்படியானது அல்லாமல் போகிறது. தேவையற்ற தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்பது 21ஆம் பிரிவு. ஆகவே அன்றைக்கே அந்தக் குடும்பம், தெரியாமலே, உரிமமற்ற மூன்று துப்பாக்கிகளோடு இரண்டு மாதங்களுக்கு மேல் வாழ்ந்துவிட்டிருந்தது.

மகனின் அடுத்த எண்ணம் மூன்றையும் காரில் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்விடுவது. வேண்டாம் என்றேன். உரிமதாரர் உடனிருந்தாலோ எழுதிக் கொடுத்தாலோ இன்னொருவர் பழுதுக்கும் புதுப்பித்தலுக்கும் எடுத்துப் போகலாம். இங்கே எழுதிக் கொடுக்க அவர் இல்லை. வழியில் ஒரு வாகனச் சோதனை வந்தால் மகன் சொல்லும் உண்மையை நம்ப அங்கே எந்தக் காகிதமும் இருக்காது. என் உரிமம் என் துப்பாக்கிகளுக்கு மட்டுமே, ஆகவே நானும் எடுத்துப் போக முடியாது. இறப்புச் சான்றின் நகல், உரிமத்தின் நகல், துப்பாக்கிகளின் எண்கள் எல்லாம் சேர்த்துக் காவல் நிலையத்துக்குக் கடிதம் கொடுத்து, வீட்டுக்கு வந்து பெற்றுக்கொள்ளும்படி கேட்டோம். பீரோவை அதுவரை திறக்க வேண்டாம், பேரப்பிள்ளைகள் அந்த அறையில் தூங்க வேண்டாம் என்று மட்டும் சொல்லி வைத்தேன். அம்மாவுக்கு அது மிகையாகத்தான் பட்டது.

பீரோவில் கண்டவை

ஏப்ரல் முதல் வாரத்தில் உதவி ஆய்வாளர் ஒருவரும் தலைமைக் காவலரும் வந்தார்கள். அவர்கள் முன்னிலையில் பீரோவைத் திறந்தோம்.

.22 ஒழுங்காக இருந்தது. உறைக்குள், எண்ணெய் தடவி, தோட்டாவை அறைக்குள் தள்ளிப் பூட்டும் போல்ட்டைக் கழற்றி. போல்ட் பூஜை அலமாரியில் மஞ்சள் துணியில் சுற்றியிருந்தது. கட்டையில் போன ஆயுத பூஜைச் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. .315இன் மேகசினும் அறையும் காலி.

12 போரை உறையிலிருந்து எடுக்கப்போன மகன் குழலின் முனையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார். கையை எடுக்கச் சொல்லிவிட்டு, சுவர்ப் பக்கம் குழலைத் திருப்பி, மேல் நெம்பைத் தள்ளித் திறந்தேன். வலது அறை காலி. இடது அறையில் ஒரு காகிதத் தோட்டா. பித்தளை அடியில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. ஈரத்தில் காகிதம் உப்பி அறையோடு இறுகிவிட்டதால் வெளியே தள்ளும் நாக்கு விளிம்பைத் தாண்டி வழுக்கிக்கொண்டு போயிற்று. தோட்டா அசையவில்லை.

முனையிலிருந்து குச்சி விட்டுத் தட்டிவிடலாமே என்றார் தலைமைக் காவலர். அவர் பழகிய துப்பாக்கிகள் வேறு. உள்ளே இருப்பது எத்தனை வருடத்துத் தோட்டா, மருந்து என்ன நிலையில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. முனைக்கு எதிரே கையை வைத்துத் தட்டும் வேலையை எந்தப் பழைய ஆளும் செய்யமாட்டார். முன்கட்டையைக் கழற்றி, குழல்களை அடிப்பாகத்திலிருந்து பிரித்து எடுத்தோம். இரட்டைக்குழலில் இந்த வசதி உண்டு. அடிக்கும் ஊசி இருக்கும் பாகம் ஒருபக்கம், தோட்டா சிக்கிய குழல் இன்னொருபக்கம் என்று ஆகிவிட்டால் அது சுடாது. இரண்டையும் தனித்தனியாகக் கட்டி, தோட்டா உள்ளே இருப்பதைச் சீட்டில் எழுதி ஒட்டினோம். பிறகு உரிமம் பெற்ற துப்பாக்கி மெக்கானிக் அதை எடுத்தார்.

"பன்னி வருதுன்னு ராத்திரில எடுத்து வெச்சுக்குவாருங்க. திருப்பி வெக்கறப்ப கழட்டிருவாருன்னுதான் நெனச்சேன்" என்றார் அம்மா. கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே ஓராள் நிற்கும் இடம்தான். ரேஞ்சில், அதாவது கிளப்பின் சுடுதளத்தில், யாராவது அறையைத் திறந்து காட்டாமல் துப்பாக்கியைத் தரையில் வைத்தால் அன்றைக்கு முழுவதும் சுட விடாத மனிதர் அவர். எழுபது வயதுக்குப் பிறகு இரவில் தூக்கக் கலக்கத்தில் செய்யும் காரியங்களுக்கு ரேஞ்சின் பழக்கம் துணை வரவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

பிஸ்கட் டின் ஒன்றில் தோட்டாக்கள் கலந்து கிடந்தன. உரிமப் புத்தகத்தின் கொள்முதல் கணக்கைவிடக் கூடுதல். அதிகாரி அதைப் பட்டியலில் அப்படியே எழுதிக்கொண்டார். .177 ஏர் ரைஃபிள் ஒன்றும் இருந்தது. குண்டு வெளிவரும் ஆற்றல் 20 ஜூலுக்குள் அடங்கும் அந்த வகைக்கு உரிமம் தேவையில்லை என்பதால் அது வீட்டிலேயே விடப்பட்டது.

கூடத்துச் சுவரில் ஒரு காட்டெருமைத் தலை. மைசூரில் 1900 முதல் 1999 வரை இயங்கிய வான் இங்கன் பட்டறையில் பாடம் செய்தது. வந்தவர்கள் கண் அதன் மேல் போனது இயல்புதான். அதன் உடைமைச் சான்றிதழ் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. தலையை இறக்கிப் பார்த்தபோது, பின்பக்கப் பலகையில் அறைந்திருந்த உறைக்குள் சான்றிதழ் இருந்தது. மனிதர் எதையும் தொலைக்கவில்லை. எங்கே வைத்தோம் என்பதை மட்டும் வேறு யாரிடமும் சொல்லவில்லை.

பட்டறையில் கண்டது

மூன்று துப்பாக்கிகளும் தோட்டாக்களும் ரசீதோடு போய்ச் சேர்ந்தன. விஷயம் முடிந்தது என்று எல்லோரும் நினைத்தோம். சில நாள் கழித்து மகன் போன் செய்தார். பட்டறையை வாடகைக்கு விடுவதற்காக ஒழுங்குபண்ணும்போது, லேத்துக்கு அடியில் ஒரு மரப்பெட்டி. உள்ளே கிரீஸ் தடவி காடாத் துணியில் சுற்றிய இரண்டு பொருள்கள், ஒரு நோட்டு.

ஒன்று பழைய .22 குழல். பரிசோதனை முத்திரையும் எண்ணும் அதில் இருந்தன. மற்றது ஒரு ரைஃபிளின் உடற்பாகம், அதாவது போல்ட் ஓடும் இரும்புக் கூடு. அரைகுறையாக நின்றுபோனது. மேற்பரப்பில் கருவி ஓடிய வரிகள் அப்படியே இருந்தன. எண் இல்லை, முத்திரை இல்லை. அவர் கையால் அவர் லேத்தில் செய்தது.

நோட்டைப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. 1980களின் நடுவில் தனியார் துப்பாக்கி இறக்குமதி நின்றுபோன பிறகு, நல்ல போட்டி ரைஃபிள் கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்டது. கிளப்பில் இருந்த அத்தனை பேரும் அதை அனுபவித்தோம். ஒரே ரைஃபிளை வரிசையில் நின்று சுட்ட காலம் அது. கிடைக்காததைத் தானே செய்துவிடலாம் என்று அவர் கணக்குப் போட்டிருக்கிறார். பல பக்கங்களுக்கு அளவுகளும் படங்களும். கடைசிப் பக்கத்தில் "அனுமதிக்கு எழுத வேண்டும்" என்று ஒரு வரி. எழுதியதாகக் கோப்பில் எங்கும் நகல் இல்லை. வேலையும் அதோடு நின்றிருக்கிறது.

ஆயுதச் சட்டத்தில் துப்பாக்கி என்பதற்குள் அதன் பாகங்களும் அடங்கும். உரிமமின்றித் தயாரித்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது ஏழு ஆண்டு, ஆயுள்வரைகூடத் தண்டனை. செய்தவர் இறந்துவிட்டார், அவரை யாரும் விசாரிக்க முடியாது. பெட்டியைத் திறந்தவர் உயிரோடு இருக்கிறார்.

எடுத்த முடிவும் காரணங்களும்

அன்று மாலை வீட்டில் நடந்த பேச்சைப் பதிவுசெய்வது அவசியம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் இந்த இடத்தில்தான் குடும்பங்கள் வழிதவறுகின்றன.

சித்தப்பா நேரடியாகச் சொன்னார்: "கெணத்துக்குள்ள போட்டுட்டுக் கம்முனு இருடா. ஸ்டேசன்காரங்க வந்து வாங்கிட்டுப் போயாச்சு. இனி யாரு தேடப்போறாங்க?" ஃபவுண்டரி வைத்திருந்த குடும்ப நண்பர் இன்னும் சுலபமான வழி வைத்திருந்தார். ஒரு நாள் உருக்கில் சேர்த்துவிட்டால் அது பம்பு உடலாகப் போய்விடும். யாரும் அந்த யோசனைகளைக் கேட்டு முகம் சுளிக்கவில்லை. இறந்த மனிதரின் பெயரைக் காக்க வேண்டும் என்பதுதான் எல்லோர் மனதிலும் இருந்தது.

மகன் வழக்கறிஞரை அழைத்தார். அவர் வைத்த வாதங்கள் உணர்ச்சி கலக்காதவை. ஆயுதச் சட்டத்தில் உடைமை என்றால் அறிந்து வைத்திருக்கும் உடைமை என்று உச்ச நீதிமன்றம் 1972இல் குன்வந்த் லால் வழக்கில் விளக்கியிருக்கிறது. அப்பா மறைத்து வைத்த பெட்டி மகனுக்குத் தெரியாமல் இருந்த வரை மகன் மேல் குற்றமில்லை. திறந்து பார்த்து, இன்னதென்று புரிந்துகொண்ட பிறகு, அறியாமை என்ற கவசம் போய்விட்டது. இனிமேல் காக்க வேண்டியது மகனைத்தான். கிணற்றில் போட்டால், இருந்த சாட்சியத்தை மறைத்ததாக அன்று நடப்பிலிருந்த இந்திய தண்டனைச் சட்டம் 201ஆம் பிரிவு தனியே வரும். பெட்டியைத் தூக்கிய வேலையாள் பார்த்திருக்கிறார். அவரைப் பொய் சொல்லச் சொல்வது யார்?

என் பங்குக்கு ஒன்று சொன்னேன். குழலில் எண் இருக்கிறது. எண் உள்ள ஒரு பொருள் ஏதோ ஒரு பதிவேட்டில் இருக்கத்தான் செய்யும். அது நல்ல பதிவாகவும் இருக்கலாம், முதலில் பழைய கோப்பைத் தேடுவோம். தேடியதில் 1990ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கடைப் பில் ஒன்று கிடைத்தது. தேய்ந்த குழலை மாற்றி, பழையதை உரிமதாரரிடமே திருப்பிக் கொடுத்ததாகக் குறிப்பு. குழல் பிர்னோவினுடையதுதான்.

உடற்பாகத்துக்கு அப்படி ஒரு காகிதம் கிடையாது. அதையும் குழலையும் எழுத்துமூலம் ஒப்படைப்பது என்று முடிவாயிற்று. எதைச் சேர்த்துக் கொடுப்பது என்பதில்தான் விவாதம் நீண்டது. நோட்டைக் கொடுத்தால் அப்பா துப்பாக்கி செய்ய முயன்றார் என்பதற்குக் கையெழுத்துச் சான்று ஆகிவிடும் என்று அம்மா தயங்கினார். வழக்கறிஞர் மாறாகப் பார்த்தார்: செய்தவர் அப்பா, எப்போதோ நிறுத்திவிட்டார், மகன் அதில் இல்லை என்று காட்டும் ஒரே ஆவணம் அதுதான். அம்மா மறுநாள் காலையில் ஒப்புக்கொண்டார்.

தொடர்ந்து நடந்தவை

காவல் நிலையத்தில் முதல் எதிர்வினை சந்தேகம்தான். முன்பு வந்தபோது இதை ஏன் சொல்லவில்லை என்ற கேள்வியைப் பலமுறை, பல அதிகாரிகள் கேட்டார்கள். பெட்டி திறந்த நாளையும் கடிதத் தேதியையும் ஒட்டி வைத்துப் பார்த்தால் பதில் அதிலேயே இருந்தது. அந்த இடைவெளி குறுகியதாக இருந்ததுதான் மகனைக் காப்பாற்றியது என்பது என் கணிப்பு. பொருள்களைக் கைப்பற்றுதல் மகஜர் எழுதி எடுத்துக்கொண்டு, தடய அறிவியல் ஆய்வுக்கு அனுப்பினார்கள். உடற்பாகம் முற்றுப்பெறாதது, அந்த நிலையில் சுடும் திறனற்றது என்றும், குழலின் எண் பதிவோடு பொருந்துகிறது என்றும் கருத்து வந்தது. மகன் மீது மேல்நடவடிக்கை வேண்டாம் என்று விடப்பட்டது. இரண்டு பொருள்களும் அழிக்க உத்தரவாயின. இதற்குள் ஒரு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. அந்த ஒரு வருடமும் வெளிநாட்டு வேலைக்கான காவல்துறைச் சான்று கேட்க முடியாமல் மகன் ஒரு வாய்ப்பை விட்டார். ஒப்படைத்தவருக்கு இழப்பே இல்லை என்று நான் எழுதினால் அது பொய்.

காட்டெருமைத் தலையில் காலக்கெடு நெருக்கியது. வனவிலங்குப் பொருளை மரபுரிமையில் பெற்றவர் 90 நாளுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கோ அதிகாரம் பெற்ற அலுவலருக்கோ அறிவிக்க வேண்டும். இது துப்பாக்கிக்காரர்கள் பலருக்கே தெரியாது. சான்றிதழ் இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். சான்றிதழ் இருந்தாலும் விற்க முடியாது, அறிவிக்காமல் வைத்திருக்கவும் முடியாது. கெடு முடிய இருந்த கடைசி நாள்களில் மாவட்ட வன அலுவலகத்தில் அறிவிப்புக் கொடுக்கப்பட்டது. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தம், சான்றிதழ் உள்ள பொருளை இழப்பீடின்றி அரசிடம் தாமாக ஒப்படைக்க வழி செய்திருந்தது. அம்மாவுக்கு அதில் துளியும் தயக்கமில்லை. "அம்பது வருசமாத் தூசி தொடச்சது நானுங்க" என்றார். தலை வனத்துறைக்குப் போயிற்று.

மூன்று துப்பாக்கிகளின் கதி மூன்று விதம். ஆயுத விதிகள் 2016இன் 25ஆம் விதியின்படி வாரிசு உரிமம் கேட்கலாம். மற்ற வாரிசுகளின் ஆட்சேபமின்மைக் கடிதம் வேண்டும். வேறு மாநிலத்தில் இருக்கும் தங்கை, "வீட்ல குழந்தைங்க இருக்குண்ணா, லோடு பண்ணின துப்பாக்கி இருந்த வீடு அது" என்று கையெழுத்துப் போட மறுத்தார். அண்ணன் கோபப்பட்டார். ஆனால் பீரோவைத் திறந்த அன்று அங்கிருந்தவன் என்ற முறையில் தங்கையின் பேச்சில் எனக்குத் தவறு தெரியவில்லை. தாத்தா வழி 12 போர் ஒன்றுக்கு மட்டும், தனிப் பெட்டகமும் தோட்டாவுக்கு வேறு பூட்டும் வைப்பதாக எழுதிக் கொடுத்த பிறகு, சம்மதித்தார். பாதுகாப்புப் பயிற்சி, காவல்துறை விசாரணை எல்லாம் முடிந்து மகன் பெயரில் உரிமம் வந்தது.

.22 ஒரு சிக்கலும் இல்லாமல் கிளப்பின் கணக்குக்கு வந்தது. மகன் கிளப் உறுப்பினர் அல்ல என்பதால் அவரிடம் அந்த விலக்கு செல்லாது. ஒப்படைத்த பொருளை உரிமை உள்ள ஒருவருக்கு விற்கச் சொல்லித் தொகையைப் பெறும் உரிமை வாரிசுக்கு 21ஆம் பிரிவிலேயே இருக்கிறது.

.315க்கு ஆள் கிடைக்கவில்லை. காவல் நிலையத்தின் பொருள் அறையில் வடகிழக்குப் பருவமழை முழுக்கக் கிடந்த பின் பார்த்தபோது, குழலின் மேல் செந்துரு பூத்துவிட்டிருந்தது. விலை பேசிய ஒரே ஆளும் குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பார்த்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார். உரிய காலத்துக்குள் வாங்க ஆளில்லாத துப்பாக்கி அரசுடைமையாகும் என்பதால் அது அப்படியே போயிற்று.

மாற்றியவை, மாற்ற வேண்டியவை

இந்தக் குடும்பம் பட்ட அலைச்சலில் பாதிக்கு மேல், அவர் இருக்கும்போதே தீர்த்திருக்கக்கூடியது. அதே 25ஆம் விதி, உரிமதாரர் 70 வயதைத் தொட்டாலோ ஒரு துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, எது முதலில் வருகிறதோ அப்போதிருந்தே, வாரிசுக்கு மாற்றித் தர இடம் கொடுக்கிறது. அவருக்கு இரண்டு தகுதியும் 2016லேயே இருந்தது. கிளப்பில் ஒருவர் இதை எடுத்துச் சொன்னபோது, "என்னை இப்பவே ரேஞ்ச விட்டு அனுப்பப் பாக்கறீங்களா?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். வாழ்நாள் முழுக்கப் பிடித்த ஒன்றை விட்டுக்கொடுக்கச் சொல்வது காகித விவகாரமாக மட்டும் அவர் காதில் விழவில்லை. அதனால் இப்போது நாங்கள் துப்பாக்கியைப் பற்றிப் பேச்சைத் தொடங்குவதில்லை. கோப்பைப் பற்றித் தொடங்குகிறோம். எந்தத் துப்பாக்கி, எந்த எண், பில் எங்கே, மாற்றிய பாகங்கள் எங்கே, சுவரில் தொங்கும் தலைக்குச் சான்று எங்கே என்று ஒரே தாளில் எழுதி, குடும்பத்தில் ஒருவரிடம் கொடுக்கச் சொல்கிறோம். உரிமதாரர் இறந்தால் முதல் வாரத்தில் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதும் அதே தாளில் இருக்கிறது.

பழைய உறுப்பினர்களில் பலர் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சிலர் இன்னும் இழுத்தடிக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடமாவது லேத்துக்கு அடியில் ஒரு பெட்டி இருக்கும் என்பது என் ஊகம், யார் என்று கேட்காதீர்கள்.

வீட்டுப் பெண்களை ஒருநாள் ரேஞ்சுக்கு வரவழைத்து, துப்பாக்கியில் தோட்டா இருக்கிறதா என்று தொடாமலே எப்படிக் கேட்டு உறுதிசெய்வது, யார் திறந்து காட்ட வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிறோம். அந்த அம்மாவும் வந்திருந்தார். இரவில் எடுத்த துப்பாக்கியைக் காலையில் திறந்து காட்டச் சொல்லிக் கேட்கலாம் என்பதே தனக்குத் தோன்றியதில்லை என்றார்.

ஒப்படைப்பில் ஒரு மாற்றம் உடனே செய்யத்தக்கது. சட்டம் காவல் நிலையத்தையும் வியாபாரியையும் சமமாகவே சொல்கிறது. ஆகவே இதற்குப் பிறகு எங்களிடம் வந்த குடும்பங்களை, காவல் நிலையத்துக்கு எழுத்துமூலம் தெரிவித்துவிட்டு, உரிமம் பெற்ற வியாபாரியை வீட்டுக்கு வரவழைத்து நேரே அவரிடம் ஒப்படைக்கச் சொல்கிறோம். மாத வாடகை உண்டு. ஆனால் எண்ணெய் போட்டு வைப்பார், வாங்க வருபவருக்குக் காட்டவும் செய்வார், ரசீதின் நகலை நிலையத்தில் கொடுத்தால் கணக்கும் நேராகிவிடும்.